பின்தண்டுக்குச் சொல்ல வேண்டியது

சடையண்ணன் இறந்த செய்தி வியாழக்கிழமை காலை விறகுக்கட்டோடு பள்ளிக்கு வந்தது. விறகுக்காரம்மா கட்டைச் சமையற்கட்டு வாசலில் போட்டுவிட்டு, வியர்வையைக்கூடத் துடைக்காமல், "டோலிச் சடையன் போயிட்டானுங்க. நாலு நாளாக் குளிர்காய்ச்சல். அடிவாரத்துக்கு ஆள் உட்டுக் கேட்டாங்களாம், கொய்னா இல்லைன்னுட்டாங்களாம்" என்றார். உலகச் சண்டை தொடங்கியதிலிருந்து அந்தக் காய்ச்சல் மாத்திரை மலைக்கு வருவதே அரிதாகிவிட்டது.

நான் கஞ்சித் தட்டுடன் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். மற்றப் பெண்கள் "ஐயோ" என்றார்கள். நானும் "ஐயோ" என்றேன். ஆனால் என் நெஞ்சில் முதலில் வந்தது துக்கம் இல்லை. மேலிருந்து எதையோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது. இனி அது யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, தட்டில் இருந்த கஞ்சி முழுவதையும் குடித்தேன். இதை முதலில் எழுதாவிட்டால் பிறகு எழுதவே மாட்டேன் என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முற்பகலில் பெரிய டீச்சரம்மா என்னைக் கூப்பிட்டார். "பதினஞ்சு வருஷம் நம்ம பள்ளிக்கூடத்துக்கு டோலி தூக்கின மனுஷன். திங்கட்கிழமை பிரார்த்தனையில அவரை நினைச்சு ரெண்டு வார்த்தை பேசணும். நீதான் நல்லா எழுதறவ. எழுதி, நீயே படி. அவங்க ஊட்டு ஆளுங்களையும் வரச் சொல்லியிருக்கேன்" என்றார். நான் கதவருகே போனதும் குரலைத் தாழ்த்தி, "கடைசியில நடந்ததை எழுத வேண்டாம் கண்ணு. போனவரு. குடியைப் பத்தி இப்ப எதுக்கு?" என்றார். அவர் நல்லவர். அதனால்தான் அந்தச் சொல் என்னை அப்படிச் சுட்டது.

அன்றே ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். உழைப்பாளி, பணிவானவர், மழையிலும் தவறாதவர் என்றெல்லாம் எழுதியிருந்தேன். பெரிய டீச்சரம்மா ஒரே ஒரு பிழையைத் திருத்தி, நன்றாக இருக்கிறது என்றார். அது இந்த நோட்டின் முன்பக்கத்தில் இருக்கிறது. இதைப் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். சாமான் அறையில், ராகி மூட்டைகளுக்கு நடுவே, திரியைக் குறைத்து வைத்த விளக்கில் எழுதுகிறேன். விடுதியம்மா இருமும் சத்தம் கேட்டால் விளக்கை ஊதிவிட வேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் காரணம் அதுதான். திங்கட்கிழமை கூடத்தில் உட்காரப்போகும் நீங்கள் எல்லோரும் அவரைத் தெரிந்தவர்கள். உங்களை நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் அவரை முதன்முதலாக அறிந்தது டோலிக்குள் படுத்துக்கொண்டு. ஆறாம் வகுப்பில் எனக்குக் குளிர்காய்ச்சல் வந்து, அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு இறக்கினார்கள். சமவெளியிலிருந்து புதிதாக வந்திருக்கும் டீச்சருக்காக ஒன்று சொல்ல வேண்டும். டோலியை மூங்கில் தண்டில் கட்டி, முன்னும் பின்னும் இருவர் தோளில் தூக்குவார்கள். அதில் முன்தண்டைப் பிடிப்பவருக்குத்தான் பாதை தெரியும். பின்தண்டைப் பிடிப்பவருக்கு டோலி மறைத்துவிடும். தன் காலடிகூடத் தெரியாது. அதனால் முன்னால் போகிறவர் தன் காலுக்குக் கீழே இருப்பதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். பின்னால் வருகிறவர் அதையே திருப்பிச் சொல்லிவிட்டு அங்கே கால் வைப்பார். முன்தண்டு சடையண்ணன். பின்தண்டு அவருடைய மனைவியின் தம்பி வெள்ளையண்ணன்.

"கல்லு" என்பார் சடையண்ணன்.

"கல்லு" என்பார் வெள்ளையண்ணன்.

"வேரு."

"வேரு."

"ஈரம்."

"ஈரம்."

எனக்கோ பற்கள் கிட்டிக்கொண்டிருந்தன. குளிரைவிடப் பயம் அதிகம். அதே காய்ச்சலில் எங்கள் மலைப்பிரிவான தேவனூர் நாட்டுப் பெண் ஒருத்தி இதே பாதையில் இறங்கித் திரும்பி வரவில்லை. நான் தலையைத் தூக்கி, "அண்ணா, இன்னும் எத்தனை தூரம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பல தடவை கேட்ட பிறகு ஒரு தடவை பதில் வந்தது. "தூரம் எங்கிட்ட இல்லை கண்ணு. இந்தக் கல்லுதான் இருக்குது. கல்லு!"

"கல்லு" என்றார் வெள்ளையண்ணன், சிரித்துக்கொண்டே.

நான் சும்மா இருக்கவில்லை. விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்து, தொலைவில் ஒரு பாறையைக் கண்டதும், "அண்ணா, பாறை வருது, பாறை!" என்று கத்தினேன். டோலி உடனே நின்றது. சடையண்ணன் திரும்பவில்லை, குரல் மட்டும் வந்தது. "வரப்போற பாறையை இப்பச் சொல்லாத சாமி. வெள்ளையன் காலு அதை இப்பவே தேடும். இல்லாத பாறையில கால் வெச்சா ரெண்டு பேரும் போயிருவோம். படுத்துக்க. நான் சொல்றதை மட்டும் கேளு."

படுத்துக்கொண்டேன். வேறு வழியில்லாமல்தான் கேட்கத் தொடங்கினேன். கல்லு என்றால் கல் மட்டும் இருந்தது. அடுத்த சொல் வரும்வரை அடுத்தது எதுவும் இல்லை. ஆஸ்பத்திரி இல்லை, திரும்பி வராத பெண் இல்லை. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மூங்கில் கிறீச்சிடும். வெள்ளையண்ணனின் மூச்சு கேட்கும். காய்ச்சல் அப்படியேதான் இருந்தது. நான்தான் அதற்குள் அமைதியாகிவிட்டேன். அதற்கு முன் எனக்கு அப்படி ஒரு நேரம் வாய்த்ததில்லை.

பாதி வழியில் ஒரு மரத்தடியில் இறக்கி வைத்தார்கள். யாரோ பலாப்பழம் அரிந்து வைத்திருந்தார்கள். சடையண்ணன் ஒவ்வொரு சுளையாக எடுத்து, கொட்டையை நீக்கி, வேறு எதையும் பாராமல் தின்றார். வெள்ளையண்ணன் என்னிடம் கண்ணைச் சிமிட்டி, "பாத்துக்க கண்ணு. எங்க மச்சான் சுளை தின்னா சுளை மட்டுந்தான் திம்பாரு. நாமெல்லாம் ஒரு சுளைக்கு மூணு ஊரு வம்பும் சேத்துத் திம்போம்" என்றார். அப்போது மேலேறி வந்த மிளகு வியாபாரி ஒருவர், "ஏனுங்க சடையன், நாளைக்கு மழை வருமா?" என்று கேட்டார். "நாளைக்கு நனையறப்பச் சொல்றேனுங்க" என்றார் இவர். வியாபாரி முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். வெள்ளையண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

நான் அவரிடம், "உங்களுக்குப் பயமே வராதுங்களா?" என்று கேட்டேன். அவர் கையைத் தழையில் துடைத்துக்கொண்டே சொன்னதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. "ரெண்டு புள்ளைங்களை இந்தக் காய்ச்சலுக்குக் குடுத்தேன் சாமி. அதுக்கப்புறம் மனசு ஒண்ணு பின்னால போவும், இல்லைன்னா முன்னால ஓடும். தண்டு தோள்ல ஏறினா மட்டும் காலுக்கடியில வந்து நிக்கும். அது நிக்கிற இடத்துல நானும் நின்னுக்கிட்டேன். அவ்வளவுதான்." உடனே எழுந்து, "தூக்கு மாப்ள" என்றார்.

காய்ச்சல் தீர்ந்து நான் விடுதிக்குத் திரும்பினேன். திரும்பியதும் செய்த முதல் வேலை அவரை விளையாட்டாக்கியது. போர்வையின் இரு முனைகளை இருவர் பிடிக்க, சின்னப் பெண் ஒருத்தி நடுவே உட்காருவாள். நான்தான் முன்தண்டு. "கல்லு! கஞ்சிச் சட்டி! விடுதியம்மா மூக்கு!" என்று கத்திக்கொண்டு போவேன். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அரிசி மூட்டையுடன் வந்த சடையண்ணன் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டார். கோபிப்பார் என்று எல்லோரும் சுவரோரம் ஒட்டிக்கொண்டோம். அவர் மூட்டையை இறக்கிவிட்டு, "முன்தண்டு நல்லாத்தான் கத்துது. பின்தண்டுப் புள்ளை பதிலே சொல்லலையே? பதில் வராம அடுத்த அடி வைக்கக் கூடாது சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு பதிலும் சொல்லி விளையாடினோம். நான் அந்தத் தொழிலே தெரிந்தவள்போல் ஆனேன்.

இனி, எழுத வேண்டாம் என்று பெரிய டீச்சரம்மா சொன்ன இடம்.

பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் இன்ஸ்பெக்டரம்மா வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். வரவேற்புரை படிக்கவிருந்ததால், மாலையுடன் என்னைப் பாதி மலைவரை இறக்கி அனுப்பினார்கள். அங்கிருந்து அவருடைய கைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, டோலிக்குப் பத்தடி முன்னால் நான் ஏறினேன். வழியில் மழை பிடித்துக்கொண்டது. டோலிக்கு மேலே மெழுகுத்துணி போட்டிருந்தார்கள். அதில் மழை அடிக்கிற சத்தம் பெரிதாக இருந்தது. அதற்கிடையே சடையண்ணனின் குரல் கேட்டுக்கொண்டே வந்தது. வெள்ளையண்ணனின் பதிலும் வந்தது.

இன்ஸ்பெக்டரம்மா துணியை விலக்கி, "அந்தப் பொண்ணு எப்படி ஏறுது பாரு!" என்று தன் பியூனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அது போதுமாக இருந்தது எனக்கு. இந்தப் பாதை எனக்கு எவ்வளவு தெரியும் என்று அவருக்குக் காட்டத் தோன்றியது. என் முன்னே தண்ணீர் அரித்த ஒரு பள்ளம் இருந்தது. டோலி அங்கே வர இன்னும் பத்தடி இருந்தது. நான் சடையண்ணனைப் போலவே குரலைத் தாழ்த்தி, நீட்டி, "பள்ளம்!" என்றேன்.

"பள்ளம்" என்று பதில் வந்தது வெள்ளையண்ணனிடமிருந்து.

நான் திரும்பியபோது அவருடைய கால், பள்ளத்தை எதிர்பார்த்து இறங்கிய கால், மேலெழும்பிய ஒரு பாறை முனையில் மோதியது. அவர் குப்புறச் சாய்ந்தார். பின்தண்டு தோளிலிருந்து நழுவியது. டோலி சரிவுப் பக்கம் சாய்ந்தது. சடையண்ணன் முன்தண்டை இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்து, வலது முழங்காலைப் பாறையில் ஊன்றி விழுந்தார். வேண்டுமென்றே அப்படி விழுந்தார். அப்படி விழுந்ததால்தான் டோலி மேட்டுப் பக்கம் திரும்பி நின்றது. ஒரு சத்தம் கேட்டது. அது மூங்கில் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது.

இன்ஸ்பெக்டரம்மாவுக்குப் புடவையில் சேறு, வேறொன்றும் இல்லை. சடையண்ணன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அதட்டவில்லை. நான் கைப்பெட்டி நனையாமல் இருக்க முந்தானையால் மூடிக்கொண்டிருந்தேன்.

"குடிச்சிருப்பான்" என்றார் பியூன். வெள்ளையண்ணன் நெற்றியில் ரத்தத்துடன், "பள்ளம்னு சொன்னீங்களே மச்சான், எங்க பள்ளம்?" என்று கத்தினார். சடையண்ணன், "முன்தண்டுல நாந்தான் இருந்தேன் மாப்ள" என்றார். அதற்கு மேல் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. முன்னால் யார் எதைச் சொன்னாலும் பொறுப்பு முன்தண்டுக்கு என்பது அவர்கள் வழக்கம். என்னை முன்னே நடக்க விட்டதும், வாயை அடக்காமல் விட்டதும் தன் தவறு என்று அவர் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அப்போது அது வசதியாக இருந்தது.

அன்று மாலை பெரிய டீச்சரம்மா என்னிடம், "நீ பக்கத்துல இருந்தியே, சாராய வாடை அடிச்சுதா?" என்று கேட்டார். தலையை மட்டும் அசைத்தேன். ஆமாம் என்று அசைத்தேன்.

பொய் சொல்லத் திட்டமிட்டு அசைக்கவில்லை. அந்த நேரத்தில் என் மனம் அந்த அறையிலேயே இல்லை. உண்மை தெரிந்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள், பள்ளியிலிருந்து ஒரு தடவை அனுப்பினால் அப்பா மறுபடி விடமாட்டார், பைல் நாட்டு மாமன் மகனுக்குத் தையில் என்னைக் கட்டிக் கொடுத்துவிடுவார் என்று அது தைமாதம்வரை ஓடிப் போயிருந்தது. என் தலையை யார் அசைத்தார்கள் என்றுகூட நான் பார்க்கவில்லை.

அந்தத் தலையசைப்பினால் பள்ளி டோலி வேலை அவரை விட்டுப் போனது. கால் எப்படியும் போயிருக்கும், பெயர் போயிருக்காது. வெள்ளையண்ணன் சமையற்கட்டு வாசலில் நின்று சொன்னதை நான் ஜன்னலோரம் நின்று கேட்டேன். "மச்சான் வாயை நம்பித்தானுங்க நான் கண்ணில்லாம நடந்தேன். குடிச்சிட்டு வந்து என்னையப் பின்னால கூட்டிட்டுப் போனாரே. டோலியில இருந்த உசுரு போயிருந்தா?" அன்று முதல் அவர் தன் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

சடையண்ணனை அதன் பிறகு ஒரு தடவைதான் பார்த்தேன். விடுமுறைக்கு ஊர் போகும் வழியில், சாமைக் காட்டில் பரண்மேல் உட்கார்ந்து கிளி ஓட்டிக்கொண்டிருந்தார். வலது கால் மடங்காமல் நீட்டியிருந்தது. மற்றப் பெண்களை முன்னே போகச் சொல்லிவிட்டு நான் நின்றேன்.

"கால் எப்படி இருக்குதுங்கண்ணா?"

"இப்ப வலிக்குது."

"சரியாயிருமாங்க?"

"அதைக் காலு இன்னும் சொல்லல கண்ணு." ஹோய் என்று கிளிகளை விரட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "என்னமோ சொல்ல வந்தாப்பல இருக்குது. சொல்லு சாமி" என்றார்.

அவர் காத்திருந்தார். கிளிகள் மறுபடி கதிரில் இறங்கியும் அவற்றைப் பார்க்காமல் என்னையே பார்த்துக் காத்திருந்தார். "நேரமாச்சுங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

இதைவிட வெட்கமான ஒன்று உண்டு. அதற்குப் பிறகு இரவில் தூக்கம் வராதபோதெல்லாம் அவர் வழியையே நான் எடுத்துக்கொண்டேன். பாய் இருக்கிறது, போர்வை இருக்கிறது, மூச்சு வருகிறது, போகிறது, வேறெதுவும் இப்போது இல்லை என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். நடந்தது போயிற்று, அதை ஏன் தொட வேண்டும் என்று அவரே சொன்னதுபோல் நினைத்துக்கொள்வேன். அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. டோலியில் கிடைத்த அமைதி இதில் ஒருதரம்கூடக் கிடைக்கவில்லை. ஏன் என்று இந்த மூன்று நாளாகத்தான் விளங்குகிறது. அவர் காலடியைப் பார்த்தது தனக்காக மட்டும் இல்லை. பார்த்ததை வாய்விட்டுச் சொன்னார். பின்னால் கண் மறைந்து வருகிற ஒருவர் அதை நம்பிக் கால் வைப்பார் என்பதற்காகச் சொன்னார். ஈரமாக இருந்தால் ஈரம் என்றார். நான் ஈரத்தை மட்டும் விட்டுவிட்டு மீதி எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேற்று விறகுக்காரம்மா மறுபடி வந்தார். பாடை தூக்க வெள்ளையண்ணன் வந்திருந்தாராம். "பின்பக்கந்தான் தூக்குவேன்னு நின்னான். முன்னால போனவங்க கல்லு, முள்ளுன்னு சொல்லிட்டுப் போனாங்க. இவன் ஒண்ணுக்கும் பதில் சொல்லல. மச்சான் மூஞ்சியைக் கடைசி வரைக்கும் பாக்கல" என்றார். அதைக் கேட்ட பிறகு முன்பக்கத்தில் எழுதிய ஒன்றரைப் பக்கத்தை என்னால் படிக்க முடியாது என்று தெரிந்துபோயிற்று.

பயமாக இருக்கிறது. பெரிய டீச்சரம்மாவின் முகம் மாறுவது இப்போதே தெரிகிறது. அப்பா வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னே நடப்பதும் தெரிகிறது. அந்தப் பக்கம் மனம் ஓடுகிறபோதெல்லாம் இழுத்து இங்கே உட்கார வைக்கிறேன். சிமிட்டித் தரை சில்லென்று இருக்கிறது. ராகி மணக்கிறது. நான் ஒரு பொய் சொன்னவள். இவைதான் இப்போது இருப்பவை. கடைசியதையும் சேர்த்துச் சொன்ன பிறகு, முதன்முறையாக மூச்சு சற்று எளிதாக வருகிறது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதுதான். என்னை எங்கே அனுப்பினாலும் இதை எடுத்துக்கொண்டு போவேன். காலடியில் இருப்பது எதுவானாலும் அதை அப்போதே, பின்னால் வருகிறவருக்குக் கேட்கும்படி சொல்வது. அவர் உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியதைப் பிந்திச் சொல்கிறேன். அதற்கு மன்னிப்புக் கேட்க அவர் இல்லை. கேட்க வேண்டியவர் ஒருவர் இருக்கிறார்.

வெள்ளையண்ணா, நீங்கள் திங்கட்கிழமை கூடத்தில் கடைசியில்தான் உட்காருவீர்கள். உங்களுக்குக் கேட்கும்படி சத்தமாகப் படிக்கிறேன். அன்றைக்குப் பள்ளம் என்று கத்தியது உங்கள் மச்சான் இல்லை. நான். அவர் குடித்திருக்கவில்லை, வாடை அடித்தது என்று தலையசைத்ததும் நான்தான். உங்களிடம் அவர் ஒருதரம்கூடத் தவறாகச் சொன்னதில்லை. உங்கள் அக்கா வீட்டுக்குப் போங்கள்.